யார் சூட்டிய பெயர்? ஆப்பிரிக்க அமெரிக்க ஆண்களின் பெயர்களை அறிந்துகொள்ளும் முறை

டைரோன் என்ற பெயரை எந்தப் பெயரகராதியில் தேடினாலும் ஒரே விடைதான் கிடைக்கும். வட அயர்லாந்தில் அந்தப் பெயரில் ஒரு மாவட்டம் இருக்கிறது. ‘ஓவனின் நிலம்’ என்று பொருள். விடை சரியானதுதான். ஆனால் சிகாகோவிலோ அட்லாண்டாவிலோ டைரோன் என்று கூப்பிடும் குரல் கேட்டால் யாரும் அயர்லாந்தை நினைப்பதில்லை. நடுவயதுள்ள ஒரு கறுப்பின ஆண்மகன் திரும்பிப் பார்ப்பார் என்றே எதிர்பார்க்கிறார்கள். ஜெர்மெய்ன், டார்னெல், லமார் ஆகிய பெயர்களும் இப்படித்தான். அகராதியில் பிரெஞ்சு, பழைய ஆங்கிலம் என்று வேர் காட்டப்பட்டிருக்கும். அந்த வேரிலிருந்து இன்றைய மனிதருக்கு வந்து சேர்ந்த வழி அங்கே இருக்காது.

அமெரிக்க நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள், கறுப்பின மக்களின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள், விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள், பிள்ளையின் வகுப்புத் தோழனை அவன் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட விரும்பும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் ஆகியோரை மனதில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். எல்லோருக்கும் பயன்படும் முறை ஒன்றுதான். ‘இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்பதற்கு முன் ‘இதை யார் சூட்டினார்கள், எந்தக் காலத்தில்?’ என்று கேளுங்கள். உலகில் வேறு எந்தச் சமூகத்தின் பெயர்களுக்கும் இந்தக் கேள்வி இவ்வளவு அவசியமாக இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமையைக்கூடப் பெற்றோரிடமிருந்து பிறர் பறித்துக்கொண்ட காலம் அவர்கள் வரலாற்றில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

கிழமைப் பெயர்கள்

இன்றைய கானா நாட்டின் அக்கான் மக்கள், பிள்ளை பிறந்த கிழமையைக் கொண்டு ஒரு பெயர் வைக்கிறார்கள். ஆண்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் குவாசி. திங்கள் என்றால் கோஜோ, செவ்வாய் குவாபெனா, புதன் குவாக்கு, வியாழன் யாவ், வெள்ளி கோஃபி, சனி குவாமே. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர் என்பதை அவர் பெயரே சொல்லிவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் பண்ணைகளின் கணக்கேடுகளிலும், ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தரச் சொல்லி நாளிதழ்களில் வந்த விளம்பரங்களிலும் இதே பெயர்கள் ஆங்கிலேயர் காதில் விழுந்த வடிவத்தில் இருக்கின்றன: குவாஷி, கட்ஜோ, குவாகோ, கஃபி, குவாமினோ. காலப்போக்கில் கட்ஜோ ‘ஜோ’ ஆனதும், குவாகோ ‘ஜாக்’ ஆனதும் உண்டு. கிழமையை அப்படியே ஆங்கிலமாக்கி மண்டே, ஃப்ரைடே என்று எழுதியதும் உண்டு. ஆகவே பழைய ஆவணத்தில் ஜோ என்ற அடிமையைக் கண்டால் அது ஜோசப்பின் சுருக்கம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். எஜமானுக்கு ஜோ ஆகவும், தாய்க்குக் கட்ஜோ ஆகவும் ஒரே ஆள் வாழ்ந்திருக்கலாம்.

மசாசூசெட்ஸில் 1759இல் பிறந்த கப்பல் தலைவர் பால் கஃபியின் கதை இங்கே பொருத்தமானது. அவர் தந்தை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர், பெயர் கோஃபி. எஜமான் குடும்பத்தின் பெயரான ஸ்லோகம் அவர்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. மகன்கள் வளர்ந்ததும் ஸ்லோகத்தை விட்டுவிட்டுத் தந்தையின் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். பால் கஃபி தம் சொந்தக் கப்பல்களில் வணிகம் செய்து செல்வரானார். 1815 இறுதியில் 38 கறுப்பின மக்களை ஏற்றிக்கொண்டு சியரா லியோனுக்குக் கப்பல் செலுத்தினார். வெள்ளிக்கிழமை பிறந்தவன் என்று பொருள்தரும் ஒரு சொல், தந்தையின் நினைவாக ஒரு குடும்பத்தின் பெயரானது.

ஒரு எச்சரிக்கை. கிழமைப் பெயர் இருந்தால் அவர் அக்கான் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றி வந்த கடைசிக் கப்பலாக அறியப்படும் க்ளோட்டில்டா 1860இல் அலபாமாவின் மொபீல் நகருக்குத் திருட்டுத்தனமாக வந்தது. அப்படி அடிமைகளைக் கொண்டுவருவதைச் சட்டம் 1808லேயே தடைசெய்திருந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர் கோசோலா. இன்றைய பெனின் நாட்டுப் பகுதியைச் சேர்ந்தவர். எஜமானின் வாயில் அந்தப் பெயர் நுழையாததால் கட்ஜோ என்றே கூப்பிடச் சொன்னார். 1935இல் இறக்கும்வரை ஊர் அவரைக் கட்ஜோ லூயிஸ் என்றே அறிந்திருந்தது. எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் அவரை நேரில் கண்டு எழுதிய நூல் 2018இல்தான் அச்சேறியது.

ஆப்பிரிக்கப் பெயர்களில் சில பிற்காலத்தில் வசைகளாயின. சாம்போ என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டாவது மகனுக்கு வைக்கும் மதிப்பான பெயர். வெள்ளையர்களின் கேலிக்கதைகளும் கேலி நாடகங்களும் அதை இழிசொல்லாக்கிவிட்டன. பழைய ஆவணத்தில் வந்தால் அப்படியே எழுதுங்கள்; வேறு எங்கும் பயன்படுத்தாதீர்கள்.

எஜமானர் வைத்தவை

சீசர், பாம்பி, கேட்டோ, சிப்பியோ, ஜூபிடர், பிரைமஸ். வர்ஜீனியா, தென் கரோலினா பண்ணைப் பட்டியல்களில் ரோமாபுரியே வரிசையாக நிற்கும். கூடவே லண்டன், யார்க், பிரிஸ்டல் என்று துறைமுகங்களும் ஊர்களும். லத்தீன் படித்த நிலவுடைமையாளர் தம் படிப்பைக் காட்டிக்கொள்ளவும், குடும்பப் பெயரே இல்லாமல் ஆட்களை அடையாளம் பிரிக்கவும் இப்படிப் பெயர் வைத்தார். தம் வேட்டைநாய்க்கும் குதிரைக்கும் அதே பட்டியலிலிருந்துதான் பெயர் எடுத்தார். ஆகவே சீசர் என்ற அடிமையைப் பற்றி எழுதும்போது ‘பேரரசனின் பெயர் கொண்டவர்’ என்று அலங்காரமாக எழுதுவது தவறு. அந்தப் பெயரே அந்த மனிதருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு.

ஆனால் அந்தப் பெயர்களைச் சுமந்தவர்கள் அவற்றைத் தம் செயலால் வேறாக்கினார்கள். லாங் ஐலண்டில் 1711இல் அடிமையாகப் பிறந்த ஜூபிடர் ஹாமன், அமெரிக்காவில் கவிதை அச்சேறிய முதல் கறுப்பினக் கவிஞர்களில் ஒருவர். பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் 1784இல் கறுப்பினத்தவருக்கென ஒரு மேசன் சங்கத்துக்கு உரிமை பெற்றார். டென்மார்க் வீசியின் பெயர் இன்னும் சிக்கலானது. கப்பல் தலைவர் வீசி என்பவர் அவருக்கு டெலிமாக் என்ற கிரேக்கப் பெயரை வைத்தார்; ஊர்வாயில் அது திரிந்து டென்மார்க் ஆனது. லாட்டரியில் விழுந்த பணத்தில் 600 டாலர் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கிய அவர், 1822இல் சார்ல்ஸ்டனில் பெரும் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகத் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பெயரை ‘டென்மார்க் நாட்டவர்’ என்று விளக்கிய ஒரு மொழிபெயர்ப்புக் கைப்பிரதியைப் படித்திருக்கிறேன். யார் வைத்தது என்று கேட்டிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது.

மகனுக்குத் தந்தையின் பெயர்

இனி வருவதுதான் இந்த அத்தியாயத்தின் நெஞ்சுப்பகுதி என்று நினைக்கிறேன்.

1850, 1860 ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை உண்டு. எஜமானின் பெயர் இருக்கும். அதன்கீழ் ஒவ்வொரு ஆளுக்கும் வயது, பால், நிறம். பெயர் இருக்காது. விடுதலைக்குப் பின் வந்த 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு பதிவானார்கள். இன்று தம் குடும்ப வரலாற்றைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்கள் ‘1870 சுவர்’ என்று சொல்வது இதைத்தான். அதற்கு அப்பால் போக வேண்டுமானால் எஜமானின் உயில், கடன்பத்திரம், விற்பனை ரசீது என்று தேடிப் போக வேண்டும்.

எஜமானர்கள் வைத்திருந்த பண்ணைக் குறிப்பேடுகளை வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் வரிவரியாக ஆராய்ந்து 1976இல் ஒரு பெருநூல் எழுதினார். அவர் கண்டவற்றுள் ஒன்று: அடிமைக் குடும்பங்கள் மகனுக்குத் தந்தையின் பெயரை அடிக்கடி வைத்தன, மகளுக்குத் தாயின் பெயரை வைப்பது அரிதாகவே இருந்தது. சட்டப்படி பிள்ளை தாயின் நிலையைப் பெறும். தாயும் கைக்குழந்தையும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பார்கள். தந்தையோ பக்கத்துப் பண்ணைக்காரராக இருக்கலாம், நாளைக்கே விற்கப்படலாம். அவர் போன பிறகும் அவர் இருந்தார் என்பதற்குச் சான்றாக அவர் பெயர் பிள்ளையிடம் நிற்க வேண்டும். தந்தை, தாத்தா, விற்கப்பட்டுப்போன மாமன் என்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். எஜமானின் கணக்கேடு தந்தையைக் குறிப்பிட மறுத்த இடத்தில், பிள்ளையின் பெயர் தந்தையைக் குறிப்பிட்டது.

இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பு. ஒரு குடும்பத்தில் ஐசக், ஐசக், ஐசக் என்று மூன்று தலைமுறை வந்தால் மொழிபெயர்ப்பில் குழப்பம் தவிர்க்கிறேன் என்று ஒருவர் பெயரை மாற்றிவிடாதீர்கள். ‘மூத்த ஐசக்’, ‘பேரன் ஐசக்’ என்று பிரித்துக் காட்டுங்கள். பெயர் திரும்பி வருவதில்தான் கதை இருக்கிறது.

ஜூனியர் என்ற ஒட்டுக்கு இந்தச் சமூகத்தில் இருக்கும் கனமும் இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. மூன்றாமவனை ட்ரே என்று கூப்பிடுவார்கள். அது சீட்டுக்கட்டில் மூன்றைக் குறிக்கும் சொல். மார்ட்டின் லூதர் கிங் 1929இல் பிறந்தபோது தந்தையைப் போலவே அவருக்கும் மைக்கேல் என்றுதான் பெயர். 1934இல் ஜெர்மனிக்குப் போய்வந்த தந்தை, சீர்திருத்தவாதி லூதரின் நினைவாகத் தம் பெயரை மாற்றிக்கொண்டார். மகனின் பெயரும் உடன் மாறியது. இருவருக்கும் ஒரே பெயர் என்பது மட்டும் மாறவில்லை.

ஃபிரெடெரிக் டக்ளஸ் 1838இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தபோது பிடிபடாமலிருக்கக் குடும்பப் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. பெய்லி போய் ஜான்சன் வந்தது. ஜான்சன்கள் ஊரில் அதிகம் என்பதால் பிறகு டக்ளஸ் ஆனது. கவிஞர் வால்டர் ஸ்காட்டின் ஒரு கவிதைப் பாத்திரத்திலிருந்து எடுத்த பெயர் அது. ஆனால் ஃபிரெடெரிக்கை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அது அவருடைய அம்மா வைத்த பெயர்.

விடுதலைக்குப் பின்

கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் சிறுவனாக முதன்முறை பள்ளிக்குப் போனபோது மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கவனித்தார். அவருக்கு இருந்தது புக்கர் மட்டுமே. ஆசிரியர் கேட்டபோது ‘புக்கர் வாஷிங்டன்’ என்று தாமே சொன்னார். இதை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்று வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருள்ள அமெரிக்கர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர் என்று 2000ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு காட்டியது.

அவருடைய பெயரே பின்னர் பல பிள்ளைகளுக்கு முதற்பெயரானது. 1901 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்தார். தென் மாநில வெள்ளையர் கொதித்தார்கள். கறுப்பினக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ரூஸ்வெல்ட் என்று பெயர் வைத்தார்கள். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் முழுப்பெயர் ஜாக் ரூஸ்வெல்ட் ராபின்சன். அவர் பிறந்தது 1919 ஜனவரி 31. அந்த மாதத் தொடக்கத்தில்தான் தியோடர் ரூஸ்வெல்ட் காலமாகியிருந்தார். தலைவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதல்ல என்பதால் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வேதாகமப் பெயர்களுக்கு இக்காலத்தில் தனி வேகம் வந்தது. மோசஸ், ஐசக், ஆபிரகாம், எலைஜா, ஐசேயா, இஸ்ரேல். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மக்களை நடத்திச் சென்றவரின் கதையைத் தங்கள் கதையாகவே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எலைஜா என்றால் ‘யாவேயே என் கடவுள்’. ஐசேயா என்றால் ‘யாவே மீட்பார்’. பொருள் தெரிந்து வைத்தவர்களும் உண்டு. பொருளைவிட அந்த ஆளின் கதையை நினைத்து வைத்தவர்களே அதிகம் என்று நான் எண்ணுகிறேன்.

பொருளியலாளர்கள் லிசா குக், ட்ரெவான் லோகன், ஜான் பார்மன் மூவரும் பழைய கணக்கெடுப்புகளையும் இறப்புப் பதிவுகளையும் வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கறுப்பின ஆண்களுக்கெனத் தனிப் பெயர்கள் இருந்ததைக் காட்டினார்கள். மேலே சொன்ன வேதாகமப் பெயர்களோடு கிங், பிரின்ஸ், மாஸ்டர், டைட்டஸ், பெர்சி, ஃப்ரீமன், அலோன்சோ ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கறுப்பினத்தவருக்கெனத் தனிப் பெயர்கள் 1960களில்தான் தோன்றின என்று எழுதுபவர்களுக்கு இதுவே மறுப்பு. நான்கு மாநிலங்களின் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இறப்புச் சான்றுகளை ஆராய்ந்ததில், இந்தப் பெயர்கள் கொண்டவர்கள் மற்றக் கறுப்பின ஆண்களைவிடச் சராசரியாக ஓராண்டுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்ததும் தெரியவந்தது. குடும்பம், சபை, ஊர் இவற்றின் பிணைப்பு அந்தப் பெயர்களில் வெளிப்பட்டிருக்கக் கூடும்.

கிங், மேஜர், ஜட்ஜ் போன்ற பட்டப்பெயர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அன்றைய தெற்கின் பேச்சுமுறையை அறியாதவர்கள். அங்கே வெள்ளையர் ஒரு கறுப்பின ஆணை ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிட மாட்டார். வயதுவந்தவரையும் ‘பாய்’ என்பார். தலை நரைத்தபின் ‘அங்கிள்’ என்பார். மரியாதையை முன்னொட்டாகத் தர மறுத்தவர்கள், பெயராகவாவது உச்சரிக்கட்டும் என்று பெற்றோர் நினைத்ததில் என்ன வியப்பு? நீதிமன்றத்தில் கறுப்பினச் சாட்சியை முதற்பெயரால் மட்டும் கூப்பிடுவதை எதிர்த்து அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற பெண் பதில் சொல்ல மறுத்தார். அவருக்குத் தண்டனை கிடைத்தது. 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது.

கரீம், ஜமால், மலீக்

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கேட்டுப் பழகிய பெயர்கள் டெட்ராய்ட்டிலும் ஒலிக்கின்றன. கரீம் என்றால் கொடையாளர்; ஜமால் அழகு; ஹக்கீம் ஞானமுள்ளவர்; ரஷீத் நேர்வழி நடப்பவர்; கலீல் உற்ற நண்பர்; அமீர் தலைவர்; மலீக் அரசர். பொருள் நமக்குத் தெரிந்ததுதான். அவை அங்கே போன வழிதான் வேறு.

முதல் வழி அடிமைக் கப்பல். செனகல் ஆற்றுப் பகுதியின் ஃபூட்டா டோரோவில் கற்றறிந்தவராக இருந்த உமர் இப்னு சயீத் 1807இல் சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டார். வட கரோலினாவில் அடிமையாக இருந்தபடியே 1831இல் தம் வாழ்க்கையை அரபியில் எழுதினார். அந்தக் கைப்பிரதி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தலைமுறையின் பெயர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளைச் சென்றடையவில்லை.

இரண்டாவது வழி இருபதாம் நூற்றாண்டில் திறந்தது. 1930இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கம், எஜமானர்கள் விட்டுச்சென்ற குடும்பப் பெயரைத் துறக்கச் சொன்னது. இழந்த ஆப்பிரிக்கப் பெயர் இன்னதென்று தெரியாததால் அந்த இடத்தில் எக்ஸ். மால்கம் லிட்டில், மால்கம் எக்ஸ் ஆனார். பின்னர் எல்-ஹஜ் மாலிக் எல்-ஷபாஸ். குத்துச்சண்டை வீரர் கேசியஸ் மார்செல்லஸ் கிளே 1964இல் முகம்மது அலி ஆனார். அவர் துறந்த பெயர், கென்டக்கியில் அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஒரு வெள்ளையருடையது. அவருடைய நினைவாக அலியின் தந்தைக்கு வைக்கப்பட்டு, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. நல்லவர் ஒருவரின் பெயரே ஆனாலும் அது தாம் தேர்ந்ததல்ல என்பது அலியின் நிலை. கூடைப்பந்து வீரர் லூ அல்சிண்டர் 1971இல் கரீம் அப்துல்-ஜப்பார் ஆனார்.

இவர்களால் மதிப்புப் பெற்ற பெயர்கள் அடுத்த பத்தாண்டுகளில் தேவாலயம் போகும் வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. ஜமால் என்பவர் பாப்டிஸ்ட் போதகரின் மகனாக இருக்கலாம். பெயரை வைத்து மதத்தைத் தீர்மானிக்கும் நம்மூர்ப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்; நோன்பு வாழ்த்துச் சொல்வதற்கு முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவை நோக்கி

1957இல் கானா விடுதலை பெற்றது. தொடர்ந்து ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுபட்டபோது, வசைச்சொல்லாகித் தேய்ந்திருந்த கிழமைப் பெயர்கள் பெருமையோடு திரும்பி வந்தன. போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல், கானாவின் தலைவர் நுக்ருமாவிடமிருந்து குவாமேயையும் கினியாவின் செக்கூ டூரேயிடமிருந்து டூரேயையும் எடுத்துக் குவாமே டூரே ஆனார். கவிஞர் லெராய் ஜோன்ஸ் அமிரி பராக்கா ஆனார். ஜோமோ, கென்யாட்டா, லுமும்பா என்று தலைவர்களின் பெயர்கள் தொட்டிலுக்கு வந்தன.

ஸ்வாஹிலிப் பெயர்களும் அக்காலத்தில்தான் பரவின. ஜபாரி, அதாவது வீரன், அவற்றுள் நன்கு தெரிந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவுக்கு அடிமைகளாக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்கு, மத்திய மேற்கு ஆப்பிரிக்கர்கள். ஸ்வாஹிலி கிழக்குக் கரை மொழி. ஆகவே ஸ்வாஹிலிப் பெயரிலிருந்து ஒருவரின் பூர்வீக ஊரைத் தேடக் கூடாது. முழுக் கண்டத்தையும் தாயகமாக ஏற்றுக்கொண்ட ஓர் அரசியல் முடிவு அது.

அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ 1976இல் நூலாகவும் 1977 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தன் பெயர் குன்டா கின்டே என்று சொல்பவனைச் சாட்டையால் அடித்து டோபி என்று சொல்லவைக்கும் காட்சியைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். ஹேலி சொன்ன வம்சாவளியைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் கடும் விவாதம் உண்டு. ஆனால் பெயர் என்பது பறிக்கப்பட்ட ஒன்று என்ற உணர்வை வீட்டுக்கு வீடு கொண்டுபோனதில் அதற்கு இணை இல்லை.

எல்லாப் பெயரும் ஆப்பிரிக்காவிலிருந்து வரவில்லை. இசைக்கலைஞர் டூபாக் அமாரு ஷகூரின் பெயர், பெருவில் ஸ்பானியரை எதிர்த்து 1781இல் கொல்லப்பட்ட பூர்வகுடித் தலைவருடையது. எழுத்தாளர் டா-நஹாசி கோட்ஸின் பெயரோ ஆப்பிரிக்காவினுடையதே; நூபியா நாட்டைக் குறிக்கும் பண்டைய எகிப்தியச் சொல் அது. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘நெஹிசி’ என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள்; அவர் சொல்வது நஹாசி.

புதிதாகக் கட்டிய பெயர்கள்

டிஷான், டிமார்கஸ், ஜாக்வான், கீஷான், ட்ரேவான், லெப்ரான். பெயர்ப் பட்டியல் போடுபவர்கள் அதிகமாகப் பொய் சொல்வது இந்தப் பகுதியில்தான். இவற்றுக்கெல்லாம் ‘ஆப்பிரிக்கச் சொல், பொருள்: வீரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இவை அமெரிக்க மண்ணில் கறுப்பினப் பெற்றோர் காதால் கேட்டு, நாவால் சோதித்து, தாங்களே கட்டியவை. ஒரு முன்னொட்டு, நடுவில் தெரிந்த ஒரு பெயர் அல்லது ஓர் இனிய ஓசை. டி, லா, லெ ஆகிய ஒட்டுகளில் லூசியானாவின் பிரெஞ்சுச் சாயல் இருக்கிறது. டிஷானில் உள்ள ஷான், ஜான் என்பதன் அயர்லாந்து வடிவம். ஜான் என்பது ‘யாவே அருளினார்’ என்ற எபிரேயப் பெயர். வேரைத் தோண்டினால் இப்படி ஒரு பொருள் கிடைக்கும்தான். வைத்தவர் அதை நினைத்து வைக்கவில்லை. மகனுக்கு மட்டுமே உரிய, எந்த எஜமானின் ஏட்டிலும் இல்லாத ஒரு பெயர் வேண்டும் என்று நினைத்தார்.

ஜேலன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 1973இல் டெட்ராய்ட்டில் பிறந்த கூடைப்பந்து வீரர் ஜேலன் ரோஸின் தாய், பிள்ளையின் தந்தை ஜேம்ஸின் பெயரையும் தம்மை மருத்துவமனைக்கு அழைத்துப்போன லெனர்டின் பெயரையும் இணைத்து அந்தப் பெயரை உருவாக்கினார். 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் அவர் புகழடைந்ததும் ஜேலன்கள் நாடெங்கும் பிறந்தார்கள். இன்று ஜேலன் ஹர்ட்ஸ், ஜேலன் பிரன்சன், ஜேலன் பிரவுன் என்று விளையாட்டுப் பக்கம் முழுவதும் அந்தப் பெயர். அகராதி இதைக் கிரேக்க ‘கேலன்’ என்பதோடு சேர்த்து ‘அமைதி’ என்று பொருள் சொன்னால் ஒதுக்கிவிடுங்கள். ஒரு தாய் இரண்டு மனிதரை நினைவுகூர்ந்தார் என்பதே அதன் பிறப்பிடம்.

பெயர் பார்த்து மறுக்கும் வேலை

2004இல் வெளிவந்த ஆய்வில் மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒரே மாதிரி. பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்கு 50 விழுக்காடு அதிக அழைப்பு வந்தது. ஆய்வாளர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பதைத் தமிழ் வாசகர் தெரிந்துகொள்ளலாம். பின்னர் 83,000 விண்ணப்பங்களோடு பெருநிறுவனங்களில் நடந்த ஆய்விலும் பாகுபாடு தென்பட்டது. இடைவெளி குறைந்திருந்தது, சில நிறுவனங்களில் மிகுந்திருந்தது.

‘அப்படியானால் ஏன் இப்படிப் பெயர் வைக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பழியைத் தாயின் மேல் போடும் கேள்வி அது. என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்கள் எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், விண்ணப்பத்தில் பெயரை மறைத்துப் படிக்கும் முறையைக் கொண்டுவாருங்கள்.

தமிழில் எழுதும்போது

ஒலியைக் கேட்ட பிறகே எழுதுங்கள். அன்ட்வான் என்பதை ஐந்தாறு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள். எல்லாம் பிரெஞ்சு ஆன்ட்வானே. மலீக்கில் அழுத்தம் பின்னசையில். நம் மாலிக்கைப் போலச் சொன்னால் அவர் திரும்ப மாட்டார். பெயரின் நடுவில் வரும் பெரிய எழுத்தையும் மேற்குறியையும் தமிழில் காட்ட முடியாது. பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுதிவிடுங்கள்.

எலைஜாவா, எலியாவா? தமிழ் வேதாகமத்தில் எலியா, ஏசாயா, மோசே. ஆளைக் குறிக்கும்போது அவர்கள் சொல்லும் ஒலியையே எழுதுவேன். பாத்திரம் பிரசங்கத்திலோ ஜெபத்திலோ தீர்க்கதரிசியை நினைக்கும் இடத்தில் எலியா என்று எழுதி, இரண்டும் ஒன்று என்பதை முதல்முறை மட்டும் காட்டுவேன்.

நீங்களே கதை எழுதினால் பிறந்த ஆண்டைப் பாருங்கள். 1920இல் ஜார்ஜியாவில் பிறந்தவர் ரூஸ்வெல்ட்டாகவோ எலைஜாவாகவோ இருப்பார், 1955இல் பிறந்தவர் ஜெரோம் அல்லது டைரோன், 1975இல் ஜமால், 1990இல் டிஷான். இன்றைய நியூயார்க் நகரப் பதிவுகளில் கறுப்பினக் குழந்தைகளிடையே நோவா, லியம், எலைஜா, அமீர் ஆகியவை முன்னிலையில் வருகின்றன.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மரியாதை விகுதி. கைப்பிரதி முடிந்ததும் ஒருமுறை இதற்காக மட்டும் படித்துப் பாருங்கள். ஒரே வயதுள்ள வெள்ளை முதலாளி ‘வந்தார்’ என்றும் கறுப்பினத் தொழிலாளி ‘வந்தான்’ என்றும் இருந்தால், ஆங்கில மூலத்தில் இல்லாத ஓர் இழிவை நாமே சேர்த்திருக்கிறோம். கதைசொல்லியின் குரலில் இருவருக்கும் ஒரே விகுதி வேண்டும். பாத்திரத்தின் பேச்சில் நிலைமை வேறு. ஐம்பது வயது மனிதரைப் பார்த்து வெள்ளைக் காவலர் ‘பாய்’ என்கிற இடத்தில் ‘தம்பி’ என்று மென்மையாக எழுதாதீர்கள். ‘டேய்’ என்றே எழுதுங்கள். அந்த மனிதர் தம் வீட்டுக்குத் திரும்பி, மனைவி அவரைப் பெயர்சொல்லி அழைக்கும் பக்கத்தில், பெயரை முழுதாக எழுதுங்கள்.